அடைத்த குழாய்

குழாய் வாயை அடைக்க அப்பிய களிமண் போன்ற பட்டி உள்ளே குழிந்திருந்தது.

தொகாவா இப்போதுதான் அதைக் கட்டைவிரலால் வழித்துச் சமப்படுத்திவிட்டுத் திரும்பினார். ஏசி வெளிப்பெட்டியின் ஒரு காலுக்குக்கூட இன்னும் மரை முடுக்கியாகவில்லை. அதற்குள் யாரோ கன்னத்தை உறிஞ்சிக்கொண்டதுபோல் பட்டியில் பள்ளம். வெயிலுக்கு இளகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். ஆகஸ்ட் நண்பகல், ஒகயாமா ஊரே வெந்துகொண்டிருந்தது. கறுத்த ஓடுகள் முழங்காலைச் சுட்டன, பக்கத்துக் கோயில் மரத்தில் சில்வண்டுகள் காது கிழியக் கத்தின, சூடேறிய தாரின் நாற்றம் தொண்டையில் ஒட்டியது.

எழுபது வருஷப் பழைய வீடு. சுற்றிலும் ஒரு முழம்கூட இடமில்லாததால் பெட்டி கூரைக்கு ஏறவேண்டியிருந்தது. அந்த இடத்தில்தான் கையகலச் சாம்பல்நிறக் குழாய் ஒன்று ஓடுகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்தது. எதற்கென்று அவர் யாரையும் கேட்கவில்லை. திறந்த ஓட்டையைக் கண்டால் அடைத்துவிட்டு மறுவேலை பார்ப்பது அவருடைய இருபத்தைந்து வருஷப் பழக்கம்.

கூரைக்கடியில் செம்புக் குழாயை இழுத்துக்கொண்டிருந்தவன் இவாவோ, மனைவி சனாயேயின் ஒரே தம்பி. அடுத்த வாரம் அவனுக்குத் தலைப்பிள்ளை பிறக்கவேண்டும். "அவனைப் பத்திரமாக் கூட்டிட்டு வாங்க" என்று சனாயே காலையில்கூடச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"மாமா, இங்க நான் வெந்து வடையாயிட்டேன்!" ஓட்டுச் சந்தில் அவன் குரல் வந்தது. முன்பல் ஒன்று இல்லாததால் அவன் மூச்சு எப்போதும் விசிலடிக்கும்.

"பல்லைக் கட்டுடா முதல்ல. புள்ள பொறந்ததும் உன்னைப் பாத்துத்தான் சிரிக்கப் போவுது."

"சிரிக்கட்டுமே, உங்களைப் பாத்து அழறதுக்கு அது தேவலை."

தொகாவா சிரித்தபடி அடுத்த மரையை எடுத்தார்.

"மாமா... திடீர்னு ஜில்லுன்னு ஆயிடுச்சு. மெஷினை ஓட விட்டுட்டீங்களா?"

"கரண்டே குடுக்கலடா."

"பாசி நாத்தம் வேற. யாரோ மூச்சு விடற மாதிரி..."

அப்புறம் பேச்சில்லை. விசிலும் இல்லை.

"மாப்ள?"

பட்டி மெல்ல வெளியே உப்பியது. நின்றது. மறுபடி உள்ளே குழிந்தது. சில்வண்டுகள் எப்போது வாயை மூடின என்று தெரியவில்லை.

கீழே முற்றத்தில் வீட்டுக்கார அம்மா தொகியே தட்டோடு நின்றார். "ஏம்ப்பா, பார்லி டீ ஆறவெச்சிருக்கேன், எறங்கி வாங்க."

"அம்மா, இந்தச் சாம்பல் குழாய் எங்க போவுது?"

"அதுவா? சமையக்கட்டுக்கு அடியில கெணறு இருந்துது. அதை மண் போட்டுத் தூர்க்கும்போது எல்லாரும் செய்றாப்ல அது மூச்சு விடக் குழாய் விட்டோம். அப்புறம் அது மேல சமையக்கட்டு கட்டினப்போ குழாயையும் கூரைக்கு ஏத்திட்டோம்." தட்டைத் தரையில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "அடைச்சிடலையே? அடைச்சா வேற யார் மூச்சையாவது எடுத்துக்கும்னு மாமியார் அடிச்சுச் சொல்வாங்க."

ஐயோ! தரையில் முளைத்த குழாயாக இருந்தால் எந்தத் தொழிலாளியும் அதைத் தொட்டிருக்க மாட்டான். தொகாவாவின் அப்பா வீட்டு முற்றத்திலும் ஒன்று உண்டு; சின்ன வயதில் அதன் மேல் கல் வைத்ததற்கு அடி வாங்கியிருக்கிறார். கூரையில் அதை யார் எதிர்பார்த்தார்கள்!

இரண்டு ஓடுகளைப் பெயர்த்துத் தலையை உள்ளே விட்டார். கடுங்குளிர். இவாவோவின் நெற்றி விளக்கு ஒரு உத்தரத்தின் மேல் எரிந்துகொண்டிருந்தது. தூசியில் அவன் முழங்கால் தடம். அது சாம்பல் குழாய்வரை போனது. அதற்கப்பால் தடமில்லை.

"இவாவோ! டேய், பேசுடா! உங்கக்காவுக்கு நான் என்னடா சொல்வேன்!"

தவழ்ந்து குழாய் வாய்க்குத் திரும்பினார். தோண்டினார். நகம் மடங்கியது. பட்டி வழுக்கியது. ரத்தம். மறுபடி தோண்டினார். மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு கையில் வந்தது.

குழாயின் அடியாழத்திலிருந்து விசில். மூச்சை உள்ளே இழுக்கும் விசில்.

"விடுடா... மூச்சை வெளிய விடுடா, மாப்ள."

இழுத்தது. இன்னும் இழுத்தது.

கையிலிருந்த பட்டியைத் திருப்பினார். உள்பக்கத்தில் கடித்த பல் தடம். வரிசையாக, ஆழமாக.

முன்பல் ஒன்று மட்டும் பதியவில்லை.