நீல பேசின்

பெருநாளுக்கு முந்தைய காலை. மன்சூரா நகரில் அந்த வீட்டு அடுப்படியில் நெய் மணந்தது. இன்ஆம் அம்மாளின் வாயிலோ அனல் பறந்தது.

"தங்க வளையலுக்கு ஆசைப்பட்டுப் புருஷனை ஓமானுக்குத் துரத்தினவ பிசைஞ்ச மாவு இது! எப்படிப் பொங்கும்?"

மருமகள் நக்வா மாவை உருட்டத் தொடங்கினாள். நாலு வருஷமாகக் கேட்கிற பாட்டுதான். இங்கே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த அவள் புருஷன் ரிஃபாத் ஏன் அந்நிய ஊரில் பாடம் நடத்தப் போனான் என்று அவளுக்குத் தெரியும். "அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்று சத்தியம் வாங்கிக்கொண்டல்லவா போனான்! பின்னாலேயே போகலாமென்றால், "நீயும் போயிட்டா அவன் திரும்பியே வர மாட்டான்" என்று மாமியார் இவளைப் பிடித்து வைத்துக்கொண்டாள். பாவம், நக்வா யாரிடம் போய் அழுவாள்?

அப்போதுதான் மூத்த மகன் ஷுக்ரி வந்தார். ரிஃபாத் வேலை பார்த்த அதே துறைக்குத் தலைவர்.

"அம்மா, என் ஆராய்ச்சிப் புத்தகம்! உப்பு மண்ணுல நெல் விளைய வச்சதுக்கு விருது கூடக் குடுத்திருக்காங்க."

எழுத்தறியாத இன்ஆம் அம்மாள் பூரித்துப்போய்ப் படங்களைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் கை நின்றது. அவள் வீட்டு மொட்டைமாடி. வரிசையாக நாற்று. நடுவில் விளிம்பு பெயர்ந்த நீல எனாமல் பேசின்...

"இது நான் மாவு பிசைஞ்ச பேசினாச்சே! மாடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்னு ரிஃபாத்தைத் திட்டித் தீர்த்தேனே... ஷுக்ரி, நீ எப்படா மாடி ஏறினே?"

"அது வந்து... துறையில எல்லார் உழைப்பும் தலைவர் பேர்லதான்மா வரும்..."

அம்மாள் மருமகள் பக்கம் திரும்பினாள். "இதுக்காகவா அவன் போனான்? ஏன்டி சொல்லல, பாவி!"

"ரெண்டு பிள்ளையும் உங்களுக்கு ரெண்டு கண்ணு, அத்தை... எந்தக் கண்ணைக் குத்தச் சொல்றீங்க?"

நாலு வருஷத்து அழுகையும் சேர்ந்து வெடித்தது. மாவுக் கையோடு நின்ற அவளை மாமியார் கட்டிக்கொண்டாள்.

"கூப்பிடு அவனை! இன்னைக்கே வரச் சொல்லு!"

"வந்து யாருக்குக் கீழ வேலை பார்க்க, அத்தை?"

ஷுக்ரி புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

இன்ஆம் அம்மாள் கேட்டாள்: "அந்த பேசின் எங்கே?"

"கூடவே எடுத்துட்டுப் போயிட்டார். அங்கேயும் அதுலதான் நாத்து விட்டிருக்கார்."

"அப்போ நீ ஓமானுக்குக் கிளம்பு. நாத்தைப் பிடுங்கி வேற எதுலயாவது நடச் சொல்லு. அதுல மாவு பிசைஞ்சு, என் பிள்ளைக்குப் பெருநாள் பலகாரம் போட்டுக் குடு." முந்தானையால் மருமகள் முகத்தைத் துடைத்தாள். "உன் கை பட்டா பொங்கும்டி... நல்லாவே பொங்கும்!"