இன்னும் இல்லடா

திரையில் சிவப்பு வட்டம் எரிந்தது. எரியக் கூடாது. சிவப்புப் பொத்தானுக்கு அவன் இன்னும் ஒயரே வைக்கவில்லை.

சோதனைத் திரையில் எட்டு வட்டங்கள். எந்தப் பொத்தானை அமுக்குகிறோமோ அதன் வட்டம் எரியும். திசைக்கு நான்கு, தொடங்க ஒன்று, நிறுத்த ஒன்று என ஆறு ஒயர்களைப் பற்றவைத்து முடித்திருந்தான். குதிப்பதற்கான சிவப்பும் அடிப்பதற்கான மஞ்சளும்தான் பாக்கி. அவை இரண்டும் மேசையில் ஒரு சின்னத் தட்டில் தனியாகக் கிடந்தன.

"அப்பா, ஆச்சா?" என்று கூடத்திலிருந்து குட்டியின் குரல் வந்தது.

"இன்னும் இல்லடா."

பொறுக்குமா அவளுக்கு? கீச் கீச்சென்று ஓடி வந்தாள். ஐந்து வயது ஆகிவிட்டது, நடந்தால் கத்தும் அந்த நீலச் செருப்பு அளவும் சிறிதாகிவிட்டது, ஆனாலும் கழற்றவே மாட்டாள். மேசை விளிம்பில் மோவாயை வைத்துத் திரையைப் பார்த்தாள்.

"சிவப்பு ஏன் எரியுது?"

"போர்டுல ஒயர் வைக்காத பின் முனை அப்படித்தான். பக்கத்துல கை போனாலே யாரோ அமுக்கிட்டாங்கன்னு நெனச்சுக்கும். பின் மிதக்குதுன்னு சொல்லுவோம்."

"மிதக்குதா? தண்ணியிலயா?"

"போய் விளையாடு, போ" என்றான்.

அலுவலகங்களில் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பது அவன் வேலை. மிதக்கும் பின் அவனுக்குப் புதிதல்ல. உள்ளங்கையளவு கம்ப்யூட்டர், பழைய கேமராவிலிருந்து கழற்றிய திரை, பெரிய சோப்பு டப்பா, போன் பேட்டரி. இதைக் கையில் பிடித்து ஆடும் கேமாக மாற்ற மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. மகளுக்காகத்தான் என்று ஊரைக் கூட்டிச் சொல்லியிருந்தான். நர்ஸான மனைவி மதிய ஷிப்டுக்குக் கிளம்பும்போது அதற்கும் ஒரு குட்டு வைத்தாள்.

"பொண்ணுக்கா, உங்களுக்கா? உக்காந்தா உங்களுக்கு உலகமே தெரியாது. பிள்ளைய ஒரு கண்ணு பாத்துக்கங்க. பாத்ரூம் டிரம் நிறைஞ்சதும் மூடியப் போடுங்க, மறந்துறாதீங்க."

"சரி, சரி. கிளம்பு."

வெளியே மழை சாயாமல் நேராக, ஒரே அளவில் பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் பகலிலேயே சாம்பல் நிறமாகியிருந்தது. ஈயம் உருகும் புகை மூக்கின் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் அடியில் வேறொரு வாசனை மெல்ல ஏறி வந்தது. வெகுநாள் மூடிக்கிடந்த தண்ணீரின் வாசனை, பாசியும் துருவும் கலந்தது. குளியலறைக் குழாயாக இருக்கும் என்று நினைத்தான்.

ஒயர் இல்லாத பின்கள் அசையாமல் இருக்க, கம்ப்யூட்டர் நிரலில் ஒரு வரி சேர்த்தான். எந்தப் புத்தகமும் சொல்லும் வைத்தியம். மறுபடி போட்டான். எட்டு வட்டங்களும் இருண்டு கிடந்தன.

பிறகு சிவப்பு எரிந்தது. டக், டக், டக். நான்காவது தடவை எரிந்து நின்றது. அணைந்தது. மறுபடி டக், டக், டக், ஒரு நீளம்.

அவன் கை பற்றவைக்கும் கோலோடு அந்தரத்தில் நின்றது.

தம்பி அப்படித்தான் அமுக்குவான். எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டான். மூன்று தட்டு, ஓர் அழுத்து. "ஒரு தடவ அமுக்கினா போதும்டா, லூசு" என்று இவன் தலையில் தட்டுவான்.

சின்ன வயதில் வீட்டில் இருந்தது டிவியில் மாட்டி ஆடும் ஒரே கேம். அதற்கு ஒரே சட்டம்: செத்தா குடுத்துரணும். ஆட்டத்தில் உயிர் போனால் அடுத்தவன் சான்ஸ். அந்த மதியம் இவன் மூன்று தடவை செத்தான். சாகும்போது வரும் பாட்டு வாசலில் விளையாடும் தம்பிக்குக் கேட்டுவிடக் கூடாதென்று டிவி சத்தத்தைக் குறைத்துவைத்திருந்தான். தம்பி வெளியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா, செத்துட்டியா?"

"இன்னும் இல்லடா!"

கடைசியாகக் கூப்பிட்டபோது குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலித்தது. "அண்ணா!" அவ்வளவுதான். இவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அதே பதிலைச் சொன்னான். அப்புறம் சத்தமில்லை. அப்பாடா, தொல்லை விட்டது என்றுதான் நினைத்தான். வாசலில் தரையோடு தரையாக இருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்து கிடந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தார்கள். தம்பி கூப்பிட்டதை இவன் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட.

"அப்பா, ஆச்சா?"

"இன்னும் இல்லடா."

வாய்தான் சொன்னது. கண் திரையை விட்டு நகரவில்லை. கையை நீட்டிப் பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். திரை அணையவில்லை. சோதனை வட்டங்கள் போய், அந்தப் பழைய ஆட்டம் தானாகத் திறந்தது. சிவப்புச் சட்டை போட்ட சின்ன உருவம் குதிக்கத் தொடங்கியது. மூன்று சின்னக் குதி. ஒரு பெரிய குதி.

அந்தப் பெட்டிக்கு ஸ்பீக்கரே வைக்கவில்லை. ஆனால் பாட்டு கேட்டது. மேசையிலிருந்து அல்ல. குளியலறையிலிருந்து.

"நீதானாடா?" என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. "மன்னிச்சுருடா. இந்தா, உன் சான்ஸ். எடுத்துக்கோ. எவ்வளவு வேணாலும் ஆடு."

உருவம் பள்ளத்தின் ஓரத்தில் நின்றது. காத்திருந்தது. யாருக்காகவோ.

திரையின் கீழே ஓர் எழுத்து வரிசை மின்னியது: இரண்டாவது ஆள் வரவும்.

கீச், கீச். செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டிப் போனது. குளியலறைப் பக்கம். அவனுக்குக் கேட்டது. கேட்டும் எழவில்லை. உருவம் திரும்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

கீச்.

பிறகு மழை மட்டும்.

"...ணா!"

அதே எதிரொலிக்கும் குரல். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு வருடமாகக் கனவில் சொல்லிக்கொண்டிருக்கும் பதில், நினைக்கும் முன்பே வாயிலிருந்து விழுந்தது.

"இன்னும் இல்லடா!"

சத்தம் நின்றது.

அண்ணாவா? அப்பாவா?

ஐயோ. டிரம். மூடி போடவில்லை.

நாற்காலி கவிழ ஓடினான். குளியலறைக் கதவு திறந்திருந்தது. டிரம் விளிம்புவரை நிறைந்து தளும்பியது. பக்கத்தில் அவள் பல் துலக்க ஏறி நிற்கும் குட்டி முக்காலி. தண்ணீரில் ஒரு நீலச் செருப்பு மிதந்தது.

இரண்டு கைகளையும் தோள்வரை விட்டுத் துழாவினான். அடி தட்டியது. வழவழப்பான பிளாஸ்டிக். வேறொன்றும் இல்லை. டிரம்மையே கவிழ்த்தான். தண்ணீர் மட்டும்தான் வந்தது. பாசியும் துருவும் மணக்கும் தண்ணீர்.

"குட்டி! குட்டிம்மா!"

கட்டிலடி. கதவிடுக்கு. பீரோ. வாசல் தாழ்ப்பாள் உள்ளே போட்டபடியே இருந்தது. ஜன்னல் கம்பிகள் அப்படியே.

ஈரத்தோடு அறைக்குத் திரும்பினான். சோப்பு டப்பா மேசையில் வெளிச்சமாக இருந்தது. தட்டில் சிவப்பும் மஞ்சளும், ஒயரில்லாமல், சொட்டச் சொட்ட நனைந்து. சிவப்பு இறங்கி ஏறியது. டக், டக், டக், ஒரு நீளம்.

பக்கத்தில் மஞ்சளும் இறங்கியது. தயங்கித் தயங்கி. இப்போதுதான் கற்றுக்கொள்கிற விரல்.

திரையில் இரண்டு உருவங்கள் குதித்துக்கொண்டிருந்தன.

"அப்பா" என்று கீழே, வெகு ஆழத்திலிருந்து, சந்தோஷமாகக் கேட்டது அவள் குரல். "நீங்க செத்துட்டீங்களா?"