விட்டுக்கொடுத்த ஆட்டம்

"அவ அரைச்ச சட்னிய நான் தூக்க மாட்டேன்."

பாபு சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அடுப்படியில் நின்ற சங்கரேஸ்வரிக்குக் கேட்கட்டும் என்றே சொன்னான்.

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் காலையில் அந்த நேரத்தில் சந்து முழுக்க இட்லி ஆவிதான். வீட்டுக்கு ஒரு சைக்கிள், பின்னால் பாத்திரமும் சட்னி வாளியுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் சுயம்பு தன் சைக்கிளில் எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டான். தம்பி பாபுவின் சைக்கிள் மட்டும் மொட்டையாக நின்றது.

"ஏல, எந்திரி. ஆளுக காத்துக் கெடப்பாங்க," என்றான் சுயம்பு.

"நேத்து ஜெயிச்சாள்லா ஒரு ராணி, அவள மிதிக்கச் சொல்லு."

மாமியார் சண்முகவடிவு இட்லித் துணியைப் பிழிந்து உதறினாள். "சின்னப் பயல நாலு பேரு முன்னால தலகுனிய வச்சிட்டு, ஒண்ணுந் தெரியாதவ மாதிரி நிக்கா பாரு. பெத்தவளா இருந்தா வயிறு எரிஞ்சிருக்கும். பெத்திருந்தாத்தான..."

பிள்ளை இல்லை என்ற இந்தச் சொல்லை சங்கரேஸ்வரி பல வருஷமாகக் கேட்டுக் கேட்டுத் தழும்பேறிப் போயிருந்தாள். ஆனால் பாபுவின் பேரைச் சொல்லி அது வந்தது இன்றைக்குத்தான். அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது பாபுவுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. மாமனார் அதற்கு முந்தின மழைக்காலத்தில்தான் போய்ச் சேர்ந்திருந்தார். அத்தை இட்லிக் கூடையோடு தெருத்தெருவாக அலைய, பையனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது இவள்தான். தையல் கம்பெனியில் இருந்த வேலையை விட்டதும் அவனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோதுதான். மறுபடி அங்கே போகவேயில்லை. வாழ்க்கையில் எதை விட்டோம் என்று அவள் நின்று யோசித்ததும் இல்லை. விடுவது அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

அவள் விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அதுதான் இப்போது வீட்டைக் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஊரடங்கு வந்து இட்லி வியாபாரம் நின்றுபோன நாட்களில், பாபு எங்கிருந்தோ ஒரு பழைய பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்தான். இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ளும் சண்டை ஆட்டம். அவனுக்கு எதிரே நிற்க ஆள் இல்லை.

"மதினி, சும்மா இதப் பிடிச்சுக்கிட்டு நில்லு. இந்தப் பட்டன அமுக்குனா அடி விழாது. அது போதும்."

மாவு காயாத கையோடு அவள் நின்றாள். அவன் அடித்தான், அவள் தடுத்தாள். மாதக்கணக்கில் இதுதான். அடி வாங்கி வாங்கியே அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பெரிய உதை ஒன்றை விட்டு அது தடுக்கப்பட்டால், விட்டவன் ஒரு கண்சிமிட்டும் நேரம் அசையாமல் நிற்கிறான். அந்த இடைவெளியில் கை வைத்தால் என்ன ஆகும்?

அன்றிலிருந்துதான் அந்த ஆட்டம் அவளைப் பிடித்தது. மத்தியானம் மாவாட்டி முடித்து எல்லோரும் கண்ணயரும்போது, அவள் டிவியின் சத்தத்தை அடக்கிவிட்டு உட்காருவாள். எதிரே நிற்கும் பொம்மைக்கு ஒரே உதையைத் திரும்பத் திரும்ப விடும்படி கட்டளை கொடுத்துவிட்டு, தடுப்பதும் திருப்பி அடிப்பதுமாகப் பழகுவாள். நூறு முறை செய்தால் பத்துதான் ஒழுங்காக விழும். பெருவிரல் தோல் உரிந்து, மாவில் கை வைத்தால் சுரீரென்று எரியும். கேம்ப்பிலேயே இருந்த ஷகீலின் கேம் பார்லருக்குப் போய், பள்ளிக்கூடப் பையன்களோடு ஆடித் தோற்றாள். "ஆன்ட்டி, போய் சாப்பாடு செய்யி," என்று சிரித்தார்கள். மறுநாளும் போய்த் தோற்றாள். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அடி வாங்கி உயிர் குறையக் குறைய, பதறிப்போய் முன்னால் பாய்ந்து எல்லாப் பட்டனையும் அமுக்குவாள். அந்தப் பழக்கத்தை விட்டொழிக்க ஒரு வருஷம் பிடித்தது. பின்னால் நகர்ந்து, காத்திருந்து, எதிராளி தவறட்டும் என்று நிற்கப் பழகினாள். வீட்டில் இந்தக் கிறுக்குக்குப் பெயர் கோட்டி. "மாவாட்டுற வீட்டுல ஒரு கோட்டிக்காரி," என்பாள் சண்முகவடிவு.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, ஷகீலின் பார்லரில் போட்டி. ஜெயிக்கும் ஒருவர் அடுத்த ஞாயிறு செம்பூரில் நடக்கும் மும்பை அளவிலான போட்டிக்குப் போகலாம். பாபுவுக்கு அது வெறும் ஆட்டம் இல்லை. அண்ணன் அவனுக்கு ஒரு வருஷம் தவணை கொடுத்திருந்தான். அதற்குள் இதில் ஏதாவது செய்து காட்டவேண்டும். இல்லாவிட்டால் அம்பர்நாத்தில் சொல்லிவைத்திருக்கும் பேக்டரி வேலைக்குப் போய்விட வேண்டும். அந்த வருஷம் முடியும் தறுவாயில் இருந்தது.

கடைசி ஆட்டத்தில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தது அவன் மதினி. அவன் உதைத்தான், அவள் தடுத்தாள், அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் அடித்தாள். ஒரு ரவுண்டுகூட அவனால் எடுக்க முடியவில்லை. பார்லரே எழுந்து நின்று கத்தியது. பாபு திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான்.

இப்போது அவன் அடுப்படி வாசலுக்கு வந்து நின்றான்.

"என்னைய வச்சே படிச்சு என் வயித்துலயே குத்திட்டல்லா? உனக்கு எதுக்கு இது? செம்பூருக்குப் போயி நீ என்ன கிழிக்கப் போற? எனக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் பிடுங்கிட்ட."

"பாபு, நான் உன்னைய..."

"பேசாத."

அவன் கையை வீசிக்கொண்டு வெளியேறினான். சுயம்பு அவள் முகத்தைப் பார்க்காமல், தம்பியின் சைக்கிளில் சட்னி வாளியைக் கட்டினான். கட்டிக்கொண்டே சொன்னான்.

"நீ போகண்டாம் சங்கரி. ஷகீல்ட்ட சொல்லிரு. பாபு போகட்டும். ஒரு பொம்பள ஆட்டம் ஆடப் போறேன்னு செம்பூர்ல போயி நின்னா, சந்துல ஒவ்வொருத்தனும் என்னைய என்னன்னு கேப்பான்?"

"எனக்கும் போகணும்னு ஆசையா இருக்குங்க."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் அவனிடம் சொன்னதில்லை. அவன் கை ஒரு நொடி நின்றது. பிறகு கயிற்றை இறுக்கினான்.

"உன் ஆசையா முக்கியம்? அவன் வாழ்க்கைடி."

அன்று மத்தியானம் அவள் ஷகீலின் பார்லருக்குப் போனாள். ஷகீலும் இவர்களைப்போலத் திருநெல்வேலிக்காரன்தான், கடையநல்லூர்ப் பக்கம்.

"எனக்குப் பதிலா பாபு போவான்," என்றாள்.

"எதுக்குக்கா? நீங்க ஜெயிச்சிருக்கீங்க."

"எனக்கு ஒடம்பு சரியில்ல."

ஷகீல் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீங்க செய்றது அவனுக்கும் நல்லது இல்லக்கா," என்றான். அவள் திரும்பி நடந்தாள்.

வீடு மாறிப்போனது. சண்முகவடிவு மீன்குழம்பு வைத்து, நடுத்துண்டை மருமகள் தட்டில் போட்டாள். பாபு தானாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மதினி, பிராக்டிஸுக்கு ஆள் வேணும்," என்றான். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்த வாரம் முழுக்க இருவரும் ஆடினார்கள். முதல் ஆட்டத்திலேயே அவன் உதைக்கத் தயங்குவதை அவள் கண்டாள். ஞாயிறு நடந்தது அவனுக்குள் இன்னும் கிடந்தது. 'இப்படியே போனால் பயந்தே தோற்றுவிடுவான். கொஞ்சம் தைரியம் வரட்டும்.' அவன் உதைத்தபோது அவள் ஒரு நொடி தாமதமாகத் தடுத்தாள். அடுத்த முறை தடுக்கவேயில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவன் அவளை வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது... அப்படித்தான் தன்னையே நம்பவைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் ஷகீலோடு செம்பூருக்குப் போனான். சாயங்காலம் தெருவிளக்கு எரியுமுன்னே திரும்பி வந்துவிட்டான்.

"என்னல, அதுக்குள்ள முடிஞ்சிட்டா?" என்றாள் சண்முகவடிவு.

அவன் அம்மாவைக் கடந்து நேராக சங்கரேஸ்வரியிடம் வந்தான். அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

"நீ வேணும்னே தோத்த."

அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"முத ஆட்டமே போச்சு. சுஷ்மான்னு ஒரு காலேஜ் பொண்ணு. நான் உதைச்சேன், அவ தடுத்தா, திருப்பி அடிச்சா. அம்புட்டுதான். இந்த வாரம் பூரா நான் உதைச்ச அதே உதை. உங்கிட்ட அது விழுந்துச்சே மதினி. எப்படி விழுந்துச்சு? ஏன் விழுந்துச்சு? ஆட்டம் முடிஞ்சதும் அவ என்ன கேட்டா தெரியுமா? 'லேபர் கேம்ப்ல ஒரு ஆன்ட்டி உண்டே, அவங்க வரலியா? அவங்களோட ஆடத்தான் வந்தேன்'னா. அவதான் கடைசில மொத்தமும் ஜெயிச்சா. ரெண்டு மாசம் முன்ன இங்க ஷகீல் கடையில வந்து உங்கிட்டத் தோத்துட்டுப் போயிருக்கா. எனக்கு யாரும் சொல்லல."

"குடுத்தாலும் குத்தமால?" சண்முகவடிவு இடையில் புகுந்தாள். "அவ உனக்காகத்தான..."

"நீ பேசாத அம்மா. நாமதான் அவளப் போகவிடாமப் பண்ணினோம். நீயும் அண்ணனும் நானும். அவ போயிருந்தா ஜெயிச்சிருப்பா." மறுபடி சங்கரேஸ்வரியைப் பார்த்தான். "ஆனா நீ... நீ செஞ்சதுதான் எல்லாத்துலயும் மோசம். எடத்தக் குடுத்த, சரி. பொய்யா ஒரு வெற்றியையும் சேத்துக் குடுத்தியே. நான் என்ன உன் வாசல்ல தட்டேந்துற பிச்சக்காரனா? உனக்கு நான் எப்பவும் மஞ்சக்காமால வந்த பயதானா?"

சுயம்பு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

சங்கரேஸ்வரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அழுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் அழவில்லை.

"ஆமா. வேணும்னேதான் தோத்தேன். நீ பயந்துபோயிருந்த, அதனால செஞ்சேன். தப்புதான்." குரல் மெல்ல உயர்ந்தது. "ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. நான் ஜெயிச்ச அன்னைக்கு நீ என்ன சொன்ன? பிடுங்கிட்டேன்னு சொன்ன. நான் யார்கிட்ட இருந்தும் பிடுங்கல. என் தோல் உரிஞ்சு வந்தது அது. எத்தன மத்தியானம் நான் படுக்காமக் கெடந்திருக்கேன்னு இந்த வீட்டுல ஒருத்தருக்குத் தெரியுமா? நான் ஜெயிச்சாலும் வசவு, தோத்தாலும் வசவு. நான் மனுஷிதான?"

கடைசி வார்த்தையை அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். சுயம்பு தலையைக் குனிந்துகொண்டான்.

"எம்மேலதான் தப்பு சங்கரி," என்றான் மெதுவாக. "நீ ஆசன்னு சொன்ன. நான் காதுல வாங்கல."

சண்முகவடிவு வாயைத் திறந்தாள். மகன்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மருமகள் விட்டுப்போன உளுந்துச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, களையத் தொடங்கினாள்.

"உக்காரு," என்றாள் சங்கரேஸ்வரி பாபுவிடம்.

"எதுக்கு?"

"உக்காருல. நெசமா ஒரு தடவ ஆடுவோம்."

அவன் உட்கார்ந்தான். முதல் ஆட்டம் தொடங்கிய வேகத்தில் முடிந்தது. இரண்டாவதும் அப்படியே. அவள் இரக்கமே காட்டவில்லை. அவன் எழுந்த இடத்தில் விழுந்தான். கோபத்தில் பாய்ந்தான், அதற்கும் வாங்கினான். கண்ணீரைப் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி ஆடினான். சுயம்பு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். தன் பெண்டாட்டி ஆடுவதை அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவள் கண் திரையில் குத்திட்டு நின்றது, இடுப்பு நிமிர்ந்திருந்தது, விரல்கள் மட்டும்தான் அசைந்தன. யாரோ ஒரு புதுப் பெண் தன் வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, பாபு உதைப்பதை நிறுத்தியிருந்தான். பின்னால் நகர்ந்தான், காத்திருந்தான். அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். அவன் உதைக்கப்போவதுபோலக் காலைத் தூக்கினான். அவள் தடுப்பைப் போட்டாள். அவனோ உதைக்காமல் அவளைப் பிடித்துத் தூக்கித் தரையில் அடித்தான். அவள் எழுவதற்குள் மறுபடி ஒன்று. திரையில் அவள் ஆள் சாய்ந்து கிடந்தாள்.

பாபு கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, சந்தேகத்தோடு அவள் பக்கம் திரும்பினான்.

"விட்டுக்குடுத்தியா?"

அவள் அவனைப் பார்க்கவேயில்லை. முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"சவத்து மூதி, எப்படில பிடிச்ச? உதைக்கதான வந்த? அது எப்படி... ஏமாத்திட்டியேல. எடு அத, எடுன்னு சொல்லுதேன். இன்னொரு ஆட்டம் போடு. விடமாட்டேன் உன்னைய."

தோற்றதற்கு மதினி இப்படிக் கோபப்பட்டு அவன் பார்த்ததே இல்லை. அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாமல் குலுங்கினான். அவள் ஒரு கையால் அவன் தலையை அணைத்துக்கொண்டாள். மறு கை கன்ட்ரோலரை விடவில்லை.

"அம்பர்நாத்துக்கு நாளைக்கே போறேன் மதினி," என்றான் அவள் தோளுக்குள்ளிருந்து. "வேலைக்குப் போயிட்டு வந்து ஆடுதேன். அடுத்த தடவ செம்பூருக்கு நீதான் போற. நான் கூட வாறேன்."

"போவோம், போவோம்," என்றாள் சங்கரேஸ்வரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினாள். "மொத இத ஆடு."