பகைவீட்டு உறை

கோமதிநாயகத்தைக் கொல்வதற்குச் செண்பகவல்லி தேர்ந்தெடுத்தது ஒரு கிண்ணம் மோர்.

அந்த ஊரில் யாரும் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை தின்பதில்லை. தயிர்தான் மருந்து. தயிரில் வாழும் உறையுயிர்கள் குடலில் போய் ஒட்டிக்கொண்டு ‘ஏவல்புரதம்’ ஒன்றைச் சுரக்கும். பக்கத்தில் இருக்கும் குடல் செல்கள் அதை ஆணையாக ஏற்று இன்சுலின் செய்யத் தொடங்கிவிடும். ஒவ்வொரு வீட்டாரின் உடம்புக்கும் ஏற்றபடி உறையைப் பக்குவம் செய்து கொடுப்பது உறையகத்தின் வேலை. அங்கே வல்லுநராக இருந்தவள் செண்பகவல்லி.

அவளுடைய அண்ணன் வேலாயுதமும் அங்கேதான் வேலை பார்த்தான். ஆறு வருடங்களுக்கு முன்பு, காற்றைச் சோதிக்காமலே நொதிகலனுக்குள் இறங்கிக் கழுவச் சொன்னார் மேலாளர் கோமதிநாயகம். இறங்கியவன் நச்சுக்காற்றில் மூச்சுமுட்டிச் செத்தான். அனுமதி இல்லாமல் இறங்கினான் என்று அறிக்கை எழுதினார் அவர். அந்த ஒரு வரி அவளுக்கு மனப்பாடம். எதிர்வீட்டு வாசலில் அவர் ஈஸிசேரில் சாய்ந்து காலாட்டும்போதெல்லாம் அதை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிக்கொள்வாள்.

உறையுயிர்களிடம் இன்னொரு குணமும் உண்டு. அயல் கிருமி அருகில் வந்தால் ‘கொல்புரதம்’ சுரந்து அதை அழித்துவிடும். தன் இனத்திடம் அதற்கு மாற்றான ‘காப்புப்புரதம்’ இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. செண்பகவல்லி தன் அடுக்களைச் சட்டியிலிருந்து உறை எடுத்து, கொல்புரதத்தை நூறு மடங்கு பெருக்கி, ஏவல்புரதத்தை அடியோடு நீக்கினாள். தன் வீட்டுக்கு ஆபத்தில்லை. இது குடலுக்குள் போனால் அங்கிருக்கும் நல்ல உயிர்களைக் கொன்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். பிறகு கண், கால், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் போகும். மெல்லப் போகட்டும் என்றுதான் ஆசைப்பட்டாள்.

கோமதிநாயகத்தின் மனைவி உலகம்மாள் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, தயிர் புளித்துப்போச்சு என்று உறைமோர் கேட்டு வந்தாள். செண்பகவல்லி சிரித்த முகத்தோடு ஊற்றிக் கொடுத்தாள். அவளும் அதே சட்டியில்தான் தின்பாள் என்பது தெரியும். அவன் சோற்றைத் தின்கிறவள்தானே என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

நாற்பது நாள் ஆயிற்று. கோமதிநாயகம் காலையில் கைவீசி நடந்து போனார். சாயங்காலம் பஜ்ஜி தின்றார். ஆனால் மூலைவீட்டுக் கந்தையா வாத்தியார் தண்ணீர் எடுக்கப்போன இடத்தில் மயங்கி விழுந்தார். சர்க்கரை ஐந்நூற்றைத் தாண்டியிருந்தது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு வீடுகளில் ஆட்கள் படுத்தார்கள். விசாரித்தபோது மூன்று வீட்டாரும் உலகம்மாளிடம் உறை வாங்கியவர்கள்.

செண்பகவல்லி உறையகத்துக்கு விரைந்தாள். கோமதிநாயகம் வீட்டின் பழைய உறை மாதிரியை எடுத்துச் சோதித்தாள். அதிலிருந்த காப்புப்புரதம் அவள் வீட்டு உறையில் இருப்பதேதான். கொல்ல அனுப்பியது அவர் குடலில் தன் சொந்தத்தைக் கண்டு பேசாமல் இருந்துவிட்டது. ஊரில் எல்லா வீட்டு உறையையும் ஆண்டுதோறும் சோதித்துப் பதிபவள், தன் வீட்டுக்குப் பழைய பதிவே போதும் என்று விட்டிருந்தாள்.

வீட்டுக்கு ஓடிவந்து அண்ணன் மனைவி ஆவுடையம்மாளிடம் கேட்டாள். “மதினி, நம்ம உறை எங்கருந்து வந்தது?”

ஆவுடையம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். “ஒங்க அண்ணன் காரியம் முடியிற வரைக்கும் நம்ம வீட்ல அடுப்பு எரிஞ்சுதா? பால் காய்ச்சாம சட்டியில இருந்த ஒறை பூத்துப்போச்சு. உலகம்மாக்காதான் புருசனுக்குத் தெரியாம பின்வாசல் வழியா தெனமும் தயிர்ச்சோறு கொண்டாந்தா. நீ கெடந்த கெடையில யாரு கொடுத்ததுன்னு கேக்காமத் தின்னே. அதுல மிஞ்சுன தயிரத்தான் ஒறை ஊத்துனேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லிருந்தா சட்டியக் கவுத்துட்டு நீயும் பட்டினி கெடந்திருப்ப.”

ஆறு வருடமாக அவளை உயிரோடு வைத்திருந்தது அந்த வீட்டுச் சோற்றில் மிஞ்சிய தயிர். அவள் நஞ்சாக்கியதும் அதைத்தான்.

அன்று மத்தியானமே தான் செய்ததை ஒளிக்காமல் எழுதி உறையகத்தில் கொடுத்தாள். போலீஸ் வருவதற்குள் ஒரு வேலை பாக்கி இருந்தது. அவள் விட்ட நஞ்சு வீட்டுக்கு வீடு கைமாறிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கும் காப்புப்புரதம் அந்த ஒரே உறையில்தான் உண்டு. அவள் தொடாத நல்ல உறை மதினியின் சட்டியில் இருந்தது. ஊர் பிழைக்க வேண்டுமென்றால் எல்லார் வயிற்றிலும் அது குடியேற வேண்டும். குடியேறிவிட்டால் ஊரே கோமதிநாயகத்துக்குச் சொந்தம். அவர்மேல் அவளுக்கிருந்த கோபம் இம்மி குறையவில்லை. ஆனாலும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

கந்தையா வாத்தியார் ஆஸ்பத்திரியில் கண் விழித்துவிட்டார் என்று அவர் மகள் பொன்னுத்தாய் சொன்னாள். சட்டியை நீட்டியவள், உறை வாங்கும்போது அந்த ஊரில் எல்லாரும் கேட்பதைக் கேட்டாள்.

“யாரு வீட்டு ஒறை, அக்கா?”

ஆறு வருடமாகச் செண்பகவல்லியின் வாயில் வராத பெயர். எங்கள் வீட்டு உறை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

“கோமதிநாயகம் ஐயா வீட்டு ஒறை,” என்றாள். “உலகம்மாக்கா கொடுத்தது.”