காலி மூலை

மத்தியானம் மூன்று மணிக்கு அந்த வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தும்போதே மெக்கானிக்கின் காதில் விழுந்துவிட்டது. கொசு பாடுவது போல மெல்லிய சத்தம், விடாமல். கம்ப்யூட்டர் கோளாறைக் காதாலேயே கண்டுபிடிப்பவர் என்பதால் கடைவீதியில் அவருக்குப் 'பாம்புச்செவி' என்று பெயர்.

வீட்டுக்காரி கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். குடிவந்து பத்து நாள்தான் ஆகிறது. திரையில் படம் வரைகிற புது கிராபிக்ஸ் கார்டு மாட்டியதிலிருந்து இந்தக் கீச்சொலி என்றாள். உள்ளறையில் மகள் தூங்கியதால் இருவரும் தணிந்த குரலிலேயே பேசிக்கொண்டார்கள்.

செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்டின் மேலும் வைத்தார். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அதிர்கிறது, அவ்வளவுதான் என்றார். படம் எளிதாக இருந்தால் கார்டு நொடிக்கு முந்நூறு தடவை வரைந்து தள்ளும், சத்தம் உச்சிக்கு ஏறும். படம் கனத்தால் திணறும், சத்தம் இறங்கும்.

"அப்படின்னா இதைப் பாருங்கண்ணா," என்றாள்.

திரையில் இருந்தது இதே வீடு. மகளின் கட்டிலை எங்கே போடலாம் என்று பார்க்க, அங்குலம் பிசகாமல் அளந்து வரைந்திருந்தாள். மௌஸை நகர்த்த நகர்த்த, வீட்டுக்குள் நடப்பது போல அறைகள் ஒவ்வொன்றாக வந்து போயின. மகளின் அறையில், ஜன்னலோரத்து மூலை வந்தது.

சத்தம் உறுமலாக இறங்கியது.

அங்கே இருந்தது வெறும் சுவர். நொடிக்கு முந்நூறு தடவை என்பது வெறும் இருபதாகக் குறைந்துவிட்டது. ஒன்றுமில்லாத இடத்தில் கார்டு எதையோ திணறித் திணறி வரைந்துகொண்டிருந்தது.

பவர் சப்ளையை மாற்றினார். கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடியும் அந்த மூலையைக் காட்டச் சொன்னார். இப்போது சத்தம் உச்சியில், சுத்தமாக இருந்தது. அப்பாடா என்று அவள் மௌஸை நகர்த்தினாள்.

திரையில் கட்டில் வந்ததும் சத்தம் இறங்கியது.

அந்தக் கட்டிலில்தான் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தாய் உள்ளே ஓடினாள். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான் பாக்கி. நொடிக்குப் பத்து தடவைக்கு மேல் வரையக்கூடாது என்று கார்டுக்குக் கட்டுப்பாடு போட்டார். சத்தம் அடங்கியது. வீடு அமைதியானது.

தாயின் இடுப்பில், தூக்கம் கலையாத முகத்தோடு மகள் வந்தாள்.

"ஏன் மாமா நிறுத்துனீங்க?" என்றாள். "இனிமே அது எங்க நிக்குதுன்னு எப்படித் தெரியும்?"

கட்டுப்பாட்டை எடுத்துவிடச் சொல்லித் தாய் கையை ஆட்டினாள்.

எடுத்தார். கட்டிலருகே சுத்தம். மூலை, சமையலறை, கூடம், எல்லாம் சுத்தம். கடைசியாகத் திரையில் வாசல் கதவு வந்தது. அங்கும் சத்தம் உச்சியில்தான் இருந்தது. போய்விட்டது என்று தாய் மகளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். மெக்கானிக் திரையில் வாசல் படத்தை அப்படியே விட்டுவிட்டு, கருவிப்பையைத் தோளில் மாட்டி, வாசலுக்கு வந்து செருப்பில் கால் நுழைத்தார்.

முதுகுக்குப் பின்னால், சத்தம் இறங்கியது.

திரும்பினார். தாய் திரையைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். அவரை அல்ல, அவருக்குப் பக்கத்தில். மகளின் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டாள்.

வந்தவரை யாரும் "போயிட்டு வாங்க" என்றுதான் அனுப்புவார்கள்.

"போங்கண்ணா," என்றாள். "மன்னிச்சிடுங்க."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

பைக்கை உதைத்தால் அந்தச் சத்தம் கேட்காது. தள்ளிக்கொண்டே நடந்தார். நாலு வீடு தாண்டியதும் அவருடைய காதுக்கு எட்டியது. பின்னால் அந்த வீட்டில், சத்தம் மெல்ல மேலே ஏறி, உச்சியில் சுத்தமாக நிலைத்தது. அந்த வாசலில் இப்போது அது இல்லை.