ஸ்டாண்டில் முப்பத்தெட்டு கிலோமீட்டர்

சந்திரன் மாமா தன் பைக்கில் கோளாறு காட்டும் செக் எஞ்சின் விளக்கின்மேல் அக்காவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருந்தார். அரக்கு நிறம், நடுவில் சின்னதாக ஒரு கல். மூன்று வாரமாக எரிந்த விளக்கு கண்ணை உறுத்தியது, இப்போது உறுத்தவில்லை, ஆகவே பாதிக் கோளாறு சரியாகிவிட்டது என்பது அவர் முடிவு. பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் முருகேஷ் குனிந்து பார்த்தபோது, பொட்டின் விளிம்பைச் சுற்றி மஞ்சள் வெளிச்சம் கிரகணம் மாதிரிக் கசிந்துகொண்டிருந்தது.

"வெளக்க வுடு மாப்ள. நின்னா வண்டி கெடந்து நடுங்குது, அத மட்டும் பாரு. ஆறு மணிக்கு தொப்பூர்ல நைட் ஷிப்டு."

"வெளக்கு எரியறதும் வண்டி நடுங்கறதும் ஒரே நோவுதானுங்க மாமா."

"ஒரு நோவக் காட்ட வந்தா ரெண்டு சொல்றது. நீ டாக்டருக்கே படிச்சிருக்கலாம்."

மாமா தொப்பூரில் லாரி எடை மேடையில் வேலை பார்ப்பவர். தினமும் இண்டூர், தர்மபுரி தாண்டி, கணவாய் இறங்கிப் போய் வருகிறவர். அவர் மனைவி, முருகேஷின் அக்கா சந்தியாவுக்கு இது எட்டாவது மாதம். நாலரைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைப் பெஞ்சின்மேல் வைத்து, வீட்டுக்குத் தூங்கப் போனார்.

முருகேஷ் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி ஸ்டார்ட் செய்தான். தட், தட். ஒரு நிறுத்தம். தட். மறுபடி தட், தட், நிறுத்தம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், நல்ல நிறம். ஏர் பில்டரைத் தட்டினான், எஞ்சினுக்குக் காற்று விடும் திராட்டில் பாடியில் படிந்திருந்த கரியைத் துடைத்தான், காற்று எங்காவது கள்ளத்தனமாக உள்ளே போகிறதா என்று ரப்பர் இணைப்பைச் சுற்றி ஸ்ப்ரே அடித்துப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. வண்டி மட்டும் சரியாக இல்லை.

நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்தினான். வால்வுகளின் கிலுகிலுப்புக்கும் சங்கிலியின் முனகலுக்கும் பின்னால், எங்கோ அடியில், இரும்பு எதையோ மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. தேய்த்து, நின்று, மறுபடி தேய்த்தது. இந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். கணவாயில் விபத்தான வண்டிகளை எடுத்துவரப் பலமுறை போயிருக்கிறான். ரோட்டில் சாய்ந்து விழுந்து, ஆனால் இன்னும் அணையாமல், பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கிப்போய்த் திணறிக்கொண்டே ஓடும் வண்டியின் சத்தம் அது.

வண்டி நேராக நின்றுகொண்டிருந்தது.

கோளாறு படிக்கும் ஸ்கேனரைச் செருகினான். ஆன்லைனில் வாங்கியது, தமிழும் பேசும் என்று அட்டையில் போட்டிருந்தார்கள், பேசும் விதத்தைப் போடவில்லை. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும் ஐடிலிங்குக்கு அது வைத்திருக்கும் பெயர் 'சோம்பேறி ஓட்டம்'. ஆக்ஸிஜன் சென்சார் 'பிராணவாயு உணர்ச்சி'. வேலை இல்லாத நாட்களில் முருகேஷ் அதைப் படித்துச் சிரிப்பதுண்டு.

'கரடுமுரடான சோம்பேறி ஓட்டம்,' என்றது திரை. அடுத்த வரி: 'சாய்வு உணர்ச்சி. வண்டி விழுந்துவிட்டது. இடது.' அதற்கும் அடுத்த வரி: 'விழுந்த தூரம் 41274.'

எப்போதோ விழுந்தது, மாமா மறைத்திருப்பார் என்று கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்தான். 41236.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். பிழையை அழித்தான். ஸ்கேனர் 'மகிழ்ச்சியாக அழிக்கப்பட்டது' என்றது. சாவியைத் திருப்பினான். பொட்டைச் சுற்றி மஞ்சள் வளையம். ஸ்கேனர் திரையில் மறுபடி 41274.

இன்னும் முப்பத்தெட்டு கிலோமீட்டர். இங்கே கிளம்பினால் முப்பத்தெட்டாவது எங்கே வரும் என்று யோசிக்கவே தேவையில்லை. தொப்பூர் இறக்கம். லாரிகளின் பிரேக் கருகும் வளைவு.

மட்டமான மெஷின், மட்டமான தமிழ் என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவன் கண்ணில், ஹேண்டில்பாரில் இருந்த முன் பிரேக் ஆயில் டப்பா பட்டது. ஓட்டுகிறவரைப் பார்த்தபடி அதில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. ஆயில் மட்டம் அதில் படுக்கைக் கோடாகத் தெரிய வேண்டும். கோடு நின்றுகொண்டிருந்தது. செங்குத்தாக. இடது பாதியில் ஆயில், வலது பாதியில் காற்று. விரலால் சுண்டினான். கோடு கொஞ்சம் அலம்பி, மறுபடி நேராக நின்றது.

போன் போட்டான்.

"மாமா, பார்ட் ஒன்னு சேலத்துலருந்து வரணும். இன்னிக்கி பஸ்ல போயிடுங்க."

"ஓடுதா?"

"ஓடுதுங்க, ஆனா…"

"ஓடுதுல்ல. அப்பறம் என்னாத்துக்கு பார்ட்டு? உங்கக்கா மாதிரியே பேசற நீ. வெக்கறேன்."

ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டால் வண்டி இன்றைக்கு நிற்கும். நாளைக்கு மாமா வேறு பட்டறையில் அந்த ஒயரை மாட்டிக்கொள்வார். என்றைக்கு ஓட்டினாலும் அந்த எண் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதற்கு என்ன அவசரம்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இந்த வண்டியில் கிலோமீட்டர் பின்சக்கரத்திலிருந்து ஏறுகிறது. ஸ்டாண்டில் பின்சக்கரம் தரையைத் தொடுவதில்லை. கியரைப் போட்டு, அந்த முப்பத்தெட்டையும் இங்கேயே, பட்டறைக்குள்ளேயே ஓட்டித் தீர்த்துவிட்டால்? ஸ்டாண்டில் நிற்கிற வண்டி எங்கே போய் விழும்?

தன் புத்தியை நினைத்து அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வண்டியைக் கயிறு போட்டு ஒரு பக்கம் தூணிலும் மறுபக்கம் இரும்பைக் கவ்வும் வைஸ் பதித்த பெஞ்சிலும் இழுத்துக் கட்டினான். இடது பக்கம் பழைய டயர்களை அடுக்கினான். எஞ்சின் சூடாகாமல் இருக்க டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் வைத்தான். எதிர்க் கடைக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று ஷட்டரைப் பாதி இறக்கினான். ஆக்ஸிலேட்டரைக் கட்டிய ரப்பர் இரண்டு முறை நழுவியது. கடைசியில் தானே ஏறி உட்கார்ந்தான். வாழ்நாளில் ரோட்டில் ஹெல்மெட் போடாதவன், சொந்தப் பட்டறைக்குள் மாமாவின் ஹெல்மெட்டை மாட்டிக் கொக்கியையும் போட்டுக்கொண்டான். மணி மூன்று ஐம்பது.

நான்காவது கியர். அறுபது.

முதல் பத்து கிலோமீட்டர் வரை, அசையாமல் உட்கார்ந்து பயணம் போவதன் அசட்டுத்தனம்தான் பெரிதாகத் தெரிந்தது. எதிரே சுவரில் உரக்கடைக் காலண்டர், அதன் கீழே ஸ்பானர்கள், ஆணியில் தொங்கும் டியூப்கள், அப்படியே. இருபதாவதில், ஃபேன் பக்கவாட்டில் இருக்க, காற்று எதிரிலிருந்து வருவதைக் கவனித்தான். ஹெல்மெட்டின் கண்ணாடிக்கு அடியில் நுழைந்து, கழுத்தைச் சுற்றி, சட்டையின் பின்பக்கத்தை உப்பவைத்து, நிஜமான ரோட்டுக் காற்று மாதிரியே புளியம்பூ வாசனையோடும் தூசியோடும் அடித்தது. காலண்டர் தாள் ஆடவில்லை.

முப்பதாவதில் பிரேக் கருகும் நாற்றம் வந்தது.

அவன் பிரேக்கைத் தொடவில்லை.

41268. எங்கோ பின்னால் ஒரு லாரி, இறக்கத்தில் எஞ்சினை அடக்கி உறுமியது. பஸ் ஸ்டாண்டில் லாரி வராது. 41270. உடம்பு தானாக முன்னால் சரிந்தது, இறக்கத்தில் சரிகிற மாதிரி. தரை சமமாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டான்.

41272. ஹாரன். ரொம்பப் பக்கத்தில்.

அப்போதுதான் தோன்றியது. ஸ்கேனரில் எண் இருந்தது. பக்கம் இருந்தது. யார் என்று இல்லை. சந்திரன் என்று அதில் எங்கேயும் இல்லை.

ஆக்ஸிலேட்டரை விட்டான். வேகம் குறையவில்லை. கிளட்சைப் பிடித்தான். சாவியைத் திருப்பினான். சக்கரம் சுற்றியது. இறங்கக் காலைத் தூக்கினான். கால் வரவில்லை.

41273.

கண்ணை மூடிக்கொண்டான்.

ஒன்றும் ஆகவில்லை.

சக்கரம் மெதுவாக நின்றது. எதிர்க்காற்று நின்றது. கண்ணைத் திறந்தான். மீட்டரில் 41274. கயிறுகள் இறுக்கமாக, டயர்கள் அடுக்கியபடியே. மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தான். ஐடிலிங் பட்டுப்போல் ஓடியது. பிரேக் டப்பாவின் கோடு சமர்த்தாகப் படுத்திருந்தது. பொட்டை நகத்தால் உரித்தான். அடியில் விளக்கு அணைந்திருந்தது.

சிரிப்பு வந்தது. கால் தரையில் பட்டது. நின்றான். நேராகத்தான் நின்றான்.

ஷட்டருக்கு வெளியே செருப்புச் சத்தம். "மாப்ள, சத்தமே மாறிப்போச்சே. இதுக்கு சேலத்துலருந்து பார்ட்டு வரணுமாம். ஏமாத்துக்காரப் பயல்."

ஹெல்மெட்டைக் கழற்றினான். இடது பக்கம் முழுக்கத் தேய்ந்து வெள்ளையாக இருந்தது. தேய்ந்த இடத்தில் ஜல்லிப் பொடி. தார். தொட்டான். சூடு.

மூக்கில் ஏதோ கசிந்தது. வண்டியின் கண்ணாடியில் குனிந்து பார்த்தான். ரத்தம்.

உதட்டுக்கு வரவில்லை.

மூக்கிலிருந்து கிளம்பி, கன்னத்தின் குறுக்கே, படுக்கையாக, ரோட்டில் இடது பக்கம் சாய்ந்து கிடப்பவனுக்குப் போல, இடது காதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"மாப்ள, உள்ளதான இருக்க?"

கழுத்தை நிமிர்த்தினான். சுவரைப் பிடித்துக்கொண்டான். தலை நேர். தோள் நேர். காது நுனியில் ஒரு துளி திரண்டது, பெருத்தது, விட்டது. தரைக்கு வரவில்லை. குறுக்கே போய் இடப்பக்கச் சுவரில் விழுந்தது. தட். அடுத்தது. தட். ஒரு நிறுத்தம். தட்.

மாமா ஷட்டரைத் தூக்கத் தொடங்கினார்.