நிறைநாச்சியாரின் குடம்

வைகாசித் திங்கள் முழுமதி நாளின் மாலைப்பொழுது. மேற்கே பனந்தோப்புகளுக்குப் பின்னால் செங்கதிரோன் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கே சிலம்பாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தின் மேல் வெண்மதி எழுந்துகொண்டிருந்தது. வெண்கழிப்பட்டினத்தின் துறையில் நெல் ஏற்றிய படகுகள் வரிசையாக அசைந்தன. கரையெங்கும் புன்னைப் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. இந்தக் காட்சியையெல்லாம் கண்டு களிக்கும் வயதுதான் குஞ்சரமல்லிக்கு. ஆனால், அன்பு மிக்க வாசகர்களே, அவள் அவற்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. படித்துறையின் கடைசிப் படியில் நின்று தன் வலக்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நாழிகையில் அந்தக் கையை நாகப்பாம்பு இருக்கும் குடத்துக்குள் அவள் விட வேண்டும்.

அந்தப் பட்டினத்து வணிகர் சபையின் வழக்கம் அது. ஆண்டுக்கொரு முறை, முழுமதி எழும் வேளையில், நிறைநாச்சியார் என்னும் அம்மனின் சந்நிதியில் குடம் வைப்பார்கள். சபைத் தலைவர் தாம் நெல் அளக்கும் மரக்காலை அம்மன் முன் வைத்து, குடத்துக்குள் கையை விட்டு, "எங்கள் அளவு குறைந்ததில்லை" என்று சத்தியம் செய்ய வேண்டும். பொய் சொன்ன கையை நாகம் தீண்டும், மெய் சொன்ன கையைத் தீண்டாது. குடத்துக்கு வெளியே சொல்லும் எந்தச் சொல்லும் அன்று சபை ஏறாது.

வணிகர்கள் கெட்டிக்காரர்கள் அல்லவா? இருபது ஆண்டுகளுக்கு முன்பே பூசாரியைக் கையில் போட்டுக்கொண்டு, நச்சுப்பல் பிடுங்கிய பாம்பைக் குடத்தில் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகென்ன? கோயிலுக்குப் பொன் வேய்ந்தார்கள், தேர் செய்தார்கள், அன்னதானம் நடத்தினார்கள். கையை மட்டும் அச்சமின்றிக் குடத்தில் விட்டார்கள். பக்திக்கு ஒரு குறைவும் இல்லை!

சபைத் தலைவர் ஏறன் சாத்தனார் பத்து நாட்களுக்கு முன் கைகால் விழுந்து, பேச்சும் நின்று, படுக்கையில் கிடந்தார். அவருக்கு மகன் இல்லை. ஆகவே ஒரே மகளான குஞ்சரமல்லி சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. சந்நிதிக்குக் கொண்டுபோகும் வெண்கல மரக்காலைத் துலக்கும் பொறுப்பும் அவளுக்கே வந்தது. வழக்கமாக அதை ஆற்று நீரில்தான் துலக்குவார்கள். இதை அறியாத அந்தப் பேதைப் பெண், பளபளப்பு நன்றாக வரட்டுமே என்று கொதிக்கும் வெந்நீரை ஊற்றிவிட்டாள். அடியில் அப்பியிருந்த அரக்கு இளகிக் கட்டியாகக் கையோடு வந்தது. ஒரு பிடி அரிசி கொள்ளும் இடத்தை அந்த அரக்கு அடைத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு உறக்கம் இல்லை.

"பெருமாட்டி!" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

திடுக்கிட்டுத் திரும்பினாள். ஒரு திங்களாகப் பட்டினத்தில் தங்கியிருக்கும் சேரநாட்டு மிளகு வணிகன் இரவிதான் அவன். கோயில் நந்தவனத்தில் ஓரிரு முறை பேசியதும், பேசாமல் பார்த்துக்கொண்டதும் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்தவை. எப்போதும் புன்னகை தவழும் அவன் முகம் இன்று வெளிறியிருந்தது.

"இன்று குடத்தில் கை விடாதீர்கள்" என்றான்.

"பூசாரியார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், ஐயா. பாம்புக்குப் பல் இல்லையாம்."

"பூசாரி அறியார். இன்று குடத்தில் இருப்பது வேறு பாம்பு. அதற்குப் பல்லும் உண்டு, நஞ்சும் உண்டு."

குஞ்சரமல்லி அருகிலிருந்த கற்றூணைப் பற்றிக்கொண்டாள். "தாங்கள் இதை எப்படி அறிந்தீர்கள்?"

"அதை மட்டும் கேட்காதீர்கள். கீழ்த்துறையில் ஓடம் காத்திருக்கிறது. இப்போதே புறப்பட்டால் கடலுக்குப் போய்விடலாம்."

அவள் ஓடம் இருந்த திசையைப் பார்த்தாள். போய்விடலாம்தான். உயிர் யாருக்குத்தான் வெல்லக்கட்டி அல்ல? ஆனால் துறையில் நின்ற நெற்படகுகளும் அவள் கண்ணில் பட்டன. ஆறு திங்களாகப் பகைவர் முற்றுகையில் தவிக்கும் அரணூர்க் கோட்டைக்கு இருளில் ஆற்று வழியே போகும் படகுகள் அவை. அவற்றில் ஏற்றிய ஒவ்வொரு மரக்காலிலும் ஒரு பிடி குறைவு.

"நான் ஓடினால், சபையில் அடுத்த மூத்தவரான பூதன் காரியார் என் இடத்தில் நிற்பார். பாம்புக்குப் பல் இல்லை என்ற நம்பிக்கையில் பொய் சொல்லிச் சாவார். அடுத்த ஆண்டு வேறொருவர் வேறொரு பாம்பைத் தேடுவார். அரக்கு அங்கேயே இருக்கும்" என்றாள் குஞ்சரமல்லி. கோயில் பக்கம் திரும்பினாள். "ஐயா, எனக்குப் பயமாயிருக்கிறது. மிகவும் பயமாயிருக்கிறது. என் கூடவே வாருங்கள்."

சந்நிதியில் நூறு தீபங்கள் எரிந்தன. வணிகர்கள் பட்டு உடுத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, அமைதியே உருவாக நின்றார்கள். வாய் கட்டிய கரிய மண்குடம் அம்மனின் காலடியில் இருந்தது. பூசாரி கட்டை அவிழ்த்ததும் உள்ளிருந்து சீறல் ஒலி எழுந்தது. வழக்கத்தைவிட அது சற்று உரத்து ஒலித்ததை அவரும் கவனிக்கவில்லை.

குஞ்சரமல்லி அம்மன் முகத்தை ஒருகணம் பார்த்தாள். தந்தை வாய் பேசாது கிடக்கும் கோலம் மனத்தில் வந்து போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு கையைக் குடத்துக்குள் விட்டாள்.

குளிர்ந்த ஏதோ ஒன்று மணிக்கட்டின் மேல் ஊர்ந்தது. கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் தொண்டையிலிருந்து வேறு சொற்கள் வந்தன.

"தாயே, எங்கள் அளவு குறைந்தது! என் தந்தையின் மரக்காலில் அரக்கு அப்பியிருந்தது. முற்றுகையில் கிடக்கும் வீரர்களின் சோற்றை ஒவ்வொரு பிடியாக நாங்கள் திருடினோம்!"

அவள் மெல்லக் கையை வெளியே எடுத்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அம்மன் அருளா, பாம்பின் மந்தமா என்று எம்மைக் கேட்காதீர்கள், வாசகர்களே. அன்று அங்கிருந்தவர்களுக்கே தெரியாததை யாம் எங்ஙனம் சொல்வோம்?

"பெண்ணுக்குப் பித்துப் பிடித்துவிட்டது! நான் செய்கிறேன் சத்தியம்!" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னே வந்தார் பூதன் காரி.

"தாராளமாகச் செய்யுங்கள், மாமா" என்றாள் அவள். "ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாம்புக்குப் பல் இருக்கிறது."

நீண்ட கை பாதி வழியில் நின்றது. பூசாரி விளக்கைத் தாழ்த்திக் குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது நம் பாம்பு இல்லை!" என்று அலறிப் பின்வாங்கினார். முன் வரிசையில் நின்றவர்கள் இரண்டாம் வரிசைக்குப் போனார்கள். இரண்டாம் வரிசை சுவரோடு ஒட்டியது. இருபது ஆண்டுகளாக அம்மனுக்கு அஞ்சாதவர்கள் அந்தக் கணத்தில் அஞ்சினார்கள்.

தம் கை நடுங்குவதைக் கண்டுவிட்டார்களே என்று காரியாருக்குக் கோபம் பொங்கியது. அவர் விரல் இரவியை நோக்கி நீண்டது. "இவன்தான் பாம்பை மாற்றியிருப்பான்! ஒரு திங்களாகக் கோயிலையே சுற்றித் திரிந்தவன். பகைவரின் ஒற்றன்! வெட்டுங்கள் இவனை!"

காவலர் வாட்கள் உறையை விட்டு வெளிவந்தன. குஞ்சரமல்லி குறுக்கே வந்து நின்றாள். ஆயினும் அவள் கண்கள் இரவியையே கேட்டன. நந்தவனத்தில் பேசியவை எல்லாம் மெய்தானா?

"ஐயா, தாங்கள் யார்? குடத்தில் கை விட்டுச் சொல்லுங்கள்" என்றாள்.

அந்தப் பாம்பின் நஞ்சை அங்கிருந்தவர்களில் நன்கு அறிந்தவன் அவன் ஒருவனே. ஆனாலும் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டான்.

"நான் மிளகு வணிகன் அல்லன். போரில் மாண்டதாக நீங்கள் கேள்விப்பட்ட அரணூர்க் கோட்டைத் தலைவன் ஆதன் நெடுவேள் நானே. என் வீரர்கள் வில்லை வளைக்கவும் வலுவின்றி மதிலின் மேலேயே சாய்ந்தார்கள். சபை அனுப்பிய நெல் ஏன் போதவில்லை என்று அறியவே, திரும்பும் படகில் ஒளிந்து வேடமிட்டு வந்தேன். அறிந்தேன். நல்ல பாம்பைப் பிடித்து இன்று காலை இக்குடத்தில் வைத்தவன் நானே. ஏறன் சாத்தனாரின் கைக்காக வைத்தேன். அவர் நோயைச் சபையார் வெளியே விடாமல் மறைத்திருந்ததால், அவர் வருவார் என்றே எண்ணியிருந்தேன். அவருடைய மகள் வருவாள் என்பதை நண்பகலில்தான் அறிந்தேன். அதன்பின் குடத்தை நெருங்கக் காவல் விடவில்லை."

குஞ்சரமல்லி அவனை வெறித்துப் பார்த்தாள். என் தந்தையைக் கொல்ல வந்தவனா! அழுகையும் சினமும் ஒன்றாய் முட்டின.

"அவ்வளவுதானா? கை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அளவு குறைகிறதே!" என்றாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "இன்னும் ஒன்று உண்டு. உன்னைக் கண்ட நாள் முதல் பழி வாங்கும் எண்ணம் குறைந்துகொண்டே வந்தது. குறையக் குறைய, பசித்துக் கிடக்கும் என் வீரர்களை நினைத்து வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தில்தான் பாம்பை வைத்தேன். உன்னிடம் கொண்ட அன்பு மட்டும் வேடமல்ல."

கை வெளியே வந்தது. அதிலும் கீறல் இல்லை. இடைக்கச்சையிலிருந்து கோட்டை முத்திரையை எடுத்து அவன் உயர்த்திக் காட்ட, காவலர்கள் வாளைத் தாழ்த்தினார்கள். காரியார் தூணுக்குப் பின்னே மறைய இடம் தேடினார்.

"வெந்நீர் கொண்டு வாருங்கள்!" என்றாள் குஞ்சரமல்லி. "சபையார் எல்லாருடைய மரக்காலிலும் ஊற்றுங்கள். அரக்கு போன மரக்காலால் படகுகளை நிரப்புங்கள். இத்தனை நாள் குறைந்த பிடிகளையும் சேர்த்து நிரப்புங்கள். முதல் படகில் நானே போகிறேன். என் தந்தை செய்ததற்குக் கோட்டை வீரர்கள் என்ன தண்டனை சொன்னாலும் ஏற்கிறேன்."

நெடுவேள் குடத்தின் வாயைத் துணியால் கட்டி எடுத்தான். "இதைக் காட்டில் விட்டுவிடுகிறேன், பெருமாட்டி."

"விடுங்கள். ஆனால் அடுத்த வைகாசிக்கு இதைப்போலவே ஒன்றைத் தாங்களே பிடித்து வர வேண்டும். பல்லுள்ள பாம்பாக."

"யார் கை விடப்போகிறார்கள்?"

"நான்தான். ஆண்டுதோறும் நான்தான்" என்று அம்மன் காலடியைத் தொட்டு ஆணையிட்டாள் அவள்.

"பயமாயில்லையா?"

"பயந்து நடுங்குகிறேன். பாருங்கள்!" என்று வலக்கையை நீட்டிக் காட்டினாள் குஞ்சரமல்லி. அது உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் அந்தக் கையைப் பற்றிக்கொண்டான். அவன் கையும் நடுங்கியது.